கழுநீர்ப் பானைக்கு உறை ஊற்றிய கதை

பொங்கல் முடிந்த மறுவாரம் சிங்கப்பூர் தேக்காவில், கேம்பல் லேனில் மண்பானைகளை விலை குறைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று பெரிய பானை, முப்பத்தாறு வெள்ளி (டாலர்). தூக்கிக்கொண்டு அங் மோ கியோ வீட்டுக்குப் பேருந்தில் வந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, "இன்னும் பொங்கல் வைக்கலையா தம்பி?" என்று கேட்டார். "இது அழுக்குத் தண்ணிக்கும்மா" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

பானை எனக்கில்லை, அண்ணன் மகளுக்கு. வடிவமைப்புப் படிப்பில் இறுதியாண்டு. மே மாதம் கண்காட்சி, அதற்கு அவள் எடுத்துக்கொண்டது ஊக வடிவமைப்பு. அது என்ன என்று எனக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது. நாளைக்குக் கடையில் விற்கப்போகும் பொருளை வரைகிற வேலை இல்லை அது. இப்படி ஒரு காலம் வந்தால் நம் வீட்டில் என்னென்ன இருக்கும் என்று யோசித்து, அதில் ஒரு பொருளை இன்றைக்கே செய்து கண்முன் வைப்பது. பார்க்கிறவர் நின்று, "இது நமக்கு வேணுமா, வேண்டாமா?" என்று யோசித்தால் வேலை முடிந்தது. நான் இருபத்தாறு வருடமாகக் கட்டடங்களில் பம்பும் குழாயும் பழுது பார்க்கிறவன். "அப்படின்னா ஓடாத பம்புக்கும் மார்க் போடுவாங்களா?" என்று கேட்டேன். "போடுவாங்க சித்தப்பா. ஆனா எனக்கு நிஜமாவே ஓடணும்" என்றாள். அந்த ஒரு பதிலில் மாட்டிக்கொண்டேன்.

அவள் கதை நடக்கும் ஆண்டு 2061. மலேசியாவின் ஜோகூரிலிருந்து சிங்கப்பூர் தண்ணீர் எடுக்க 1962-ல் போட்ட ஒப்பந்தம் முடியும் ஆண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலும் சமையலறைக்குப் பின்னால் ஒரு பானை இருக்கும். அரிசி, பருப்பு, காய், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதில் போகும். உள்ளே இருக்கும் பாக்டீரியா அதைச் சுத்தப்படுத்தும். வெளியே வரும் தண்ணீர் செடிக்கும் தரை கழுவவும். இதுவரைக்கும் சரி. அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. மகள் கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போகும்போது, அம்மா தன் பானையிலிருந்து ஒரு பாட்டில் பாக்டீரியா கொடுத்தனுப்புவாள். தயிருக்கு உறை கொடுப்பது போல. பக்கத்து வீட்டுப் பானை செத்துப்போனால் இவர்கள் வீட்டிலிருந்து உறை போகும். பெயரை அப்பாயியிடம் கேட்டு வைத்திருக்கிறாள்: கழுநீர்ப் பானை. என் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். அவர் பிறந்த வீட்டில் அரிசி கழுவின தண்ணீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்கென்று ஒரு பானையில் சேர்ந்துகொண்டே இருக்குமாம். இங்கே மாடு இல்லை, பாக்டீரியாதான் மாடு.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு நடந்து போனோம். முன்பு அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஓடும் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-ல் ஆக்கி முடித்தார்கள். பூங்காவுக்குள் செடிகள் அடர்ந்த பாத்திகள் வழியாகக் குளத்துத் தண்ணீரை விட்டுச் சுத்தம் செய்யும் இடமும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் செடிதான் சுத்தம் செய்கிறது என்று நினைப்பார்கள். செடி தன் பங்குக்குக் கொஞ்சம் உறிஞ்சும். அதன் வேரிலும் கீழே உள்ள கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா வழவழப்புதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. அந்த வழவழப்பைத்தான் நாம் பானைக்குள் வளர்க்க வேண்டும்.

என் அப்பா சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் என்ற சரக்குப் படகுகளில் மூட்டை தூக்கியவர். ஆற்று நாற்றம் சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது என்பார். 1977-ல் லீ குவான் யூ பத்து வருடத்தில் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னார். 1983-ல் தொங்கான்களைப் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். 1987-ல் வேலை முடிந்தது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, தெருவோர உணவுக் கடைகள் என்று அழுக்கு வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்ததுதான் அதன் சூட்சுமம். எந்த பாக்டீரியாவும் முதலில் அதைச் செய்யவில்லை. இதை அவளிடம் சொன்னேன். ஊற்றுகிற அழுக்கை அளவாக ஊற்றினால்தான் பானை தாங்கும், மந்திரம் ஒன்றும் கிடையாது என்பதற்காக.

சரி, பானை. பொங்கல் பானை பத்து லிட்டர் பிடிக்கும், வாய் குறுகல். திட்டம் எளிது. நாலடுக்கு இரும்பு அலமாரி. மேல்தட்டில் முதல் பானை, வண்டல் படிய. அடுத்த தட்டில் இரண்டாம் பானை, பாக்டீரியா ஒட்டி வளர பிளாஸ்டிக் சக்கரங்கள் போட்டு, காற்று ஊதிக் குழப்பிவிட. மூன்றாவதில் எரிமலைக் கல் நிரப்பிய பானை. கடைசித் தட்டில் நீளத் தொட்டியில் வெட்டிவேர்ச் செடி. தண்ணீர் மேலிருந்து கீழே தானாக இறங்கும். பம்ப் வேண்டாம், மீன்தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப் ஒன்று போதும். வெட்டிவேர் என் யோசனை. கழிவுநீர் பாத்திகளில் அதைப் பல நாடுகளில் நடுகிறார்கள், அதோடு அது பானைத் தண்ணீருக்குப் பழகிய வேர்.

முதல் பானையில் துளை போட்ட அன்றே ஒன்று போயிற்று. டிரில்லில் சுத்தியல் விசையை அணைக்க மறந்துவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம், கழுத்திலிருந்து அடிவரை விரிசல். இருபத்தாறு வருட அனுபவம். மறுபடி தேக்காவுக்குப் போய் ஒரு பானை வாங்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஓடு துளைக்கும் முனையைப் போட்டு, சுத்தியல் விசை இல்லாமல், அழுத்தாமல், துளை விழும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே மெதுவாகத் துளைத்தேன். மண்பானை துளைப்பவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அப்புறம் கசிவு. மண்பானை வேர்க்கும், அதுதான் அதன் குணம். தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். ஆனால் அழுக்குத் தண்ணீர் வேர்த்தால் அலமாரி முழுக்க வாடை. அம்மா சொன்னபடி கஞ்சி காய்ச்சி ஊற்றிப் பானையைப் பழக்கினோம். கசிவு பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் மீன்குளங்களுக்கு அடிக்கும் எபாக்சி பூச்சை உள்ளே இரண்டு தடவை அடித்து, ஒரு வாரம் காயவிட்டோம். மண் மூச்சு விடும் அழகு போச்சே என்று அவள் வருத்தப்பட்டாள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கினால் 2061 வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கதவு தட்டுவார்கள் என்றேன்.

கொசு வலையையும் சொல்லிவிட வேண்டும். தேங்கிய தண்ணீர் வைத்திருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆட்கள் வீட்டுக்குள் வந்தே பார்ப்பார்கள், அபராதம் உண்டு. மூன்று பானை வாயிலும் துருப்பிடிக்காத கம்பி வலை, வெட்டிவேர்த் தொட்டியில் தண்ணீர் மட்டம் சரளைக் கல்லுக்கு இரண்டு விரல் கீழே. டெங்கி பரப்பும் வடிவமைப்பு என்று பெயர் வாங்க அவளுக்கும் ஆசையில்லை.

பிப்ரவரி 3-ஆம் தேதி முதல் தண்ணீர் ஊற்றினோம். நாளைக்கு இரண்டு லிட்டர் கணக்கு. சோப்பு, எண்ணெய் கலந்தது எதுவும் கிடையாது. வார நாளில் அரிசி, பருப்பு, கீரை கழுவியது. சனி, ஞாயிறு மீன் கழுவியது.

முதல் வாரத்திலேயே புளித்த வாடை. அரிசி கழுவிய நீரை நம் ஊர் வெயிலில் அரை நாள் வைத்தால் போதும், லாக்டிக் பாக்டீரியா புகுந்து புளிக்க வைத்துவிடும். தோசை மாவுக்கு அது தெய்வம், எங்கள் பானைக்கு எமன். முதல் பானையில் படிந்த மாவு, வெளியேறும் குழாயைக் கஞ்சி போல அடைத்தும் விட்டது. அரை அங்குலக் குழாயை முக்கால் அங்குலமாக மாற்றி, உள்முனையில் ஒரு டி இணைப்பு வைத்தேன். மேலே மிதப்பதும் கீழே படிந்ததும் வராமல் நடுத்தண்ணீர் மட்டும் இறங்கும். படிந்த மாவை தினமும் காலையில் பானையின் அடியில் உள்ள குழாய் வழியே எடுத்து, தண்ணீர் கலந்து செடிகளுக்கு ஊற்றிவிடுவோம். வாடை நின்றது. இந்தச் சிறு மாற்றத்தில்தான் பானை பானையாக நடக்கத் தொடங்கியது என்று சொல்வேன். மற்றதெல்லாம் உயிரியல், இது பிளம்பிங்.

இப்போது பாக்டீரியா. மீன் கழுவிய தண்ணீரில் உள்ள புரதம் அழுகும்போது அமோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம், நைட்ரோசோமோனாஸ் போன்றவை. நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்குவது இன்னொரு கூட்டம், நைட்ரோஸ்பைரா. நைட்ரேட் செடிக்கு உரம். இப்படி இரண்டு படியாக, இரண்டு வேறு பாக்டீரியா செய்கின்றன என்பது 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் கண்டது. நூறு வருடத்துக்கும் மேல் அதுவே பாடம். 2015-ல்தான், இரண்டு படியையும் ஒருத்தியே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகை இருப்பது தெரிந்தது. அதில் ஒரு குழு அதைக் கண்டது மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில். சிராங்கூன் நார்த் கடைகளில் தொங்கும் வடிகட்டிகளை அதற்கப்புறம் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

அமோனியாவைச் சொட்டு மருந்துப் பெட்டியால் அளந்தோம். குழாயில் தண்ணீர், சில சொட்டு, மஞ்சளாக இருந்தால் இல்லை, பச்சை ஏற ஏற அதிகம். ஒன்பதாம் நாள் லிட்டருக்கு 4 மில்லிகிராம். பத்தாம் நாள் பொறுமை போய், பதினெட்டு வெள்ளிக்கு பாட்டில் பாக்டீரியா ஒன்று வாங்கி ஊற்றினேன். இருபதாம் நாள் 8, பெட்டியின் அட்டையில் அதற்கு மேல் நிறமே இல்லை. நைட்ரைட் பூஜ்யம். ஒரு பூச்சிகூடப் பிறக்கவில்லை.

காரணம் என் அப்பா கற்றுக்கொடுத்த பழக்கம். அவர் கப்பி மீன் வளர்த்த காலத்தில் குழாய்நீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், மறுநாள் ஊற்றலாம். நானும் அப்படியே வைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது நம் குழாய்நீரில் கிருமி நீக்கத்துக்குக் கலப்பது குளோராமைன். அது ஒரு ராத்திரியில் பறக்காது. நீண்ட குழாய்களிலும் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே அதைக் கலக்கிறார்கள். அரிசித் தண்ணீரில் உள்ள மாவு அதைக் கொஞ்சம் தின்றுவிடும். கீரை அலசிய தெளிந்த நீரில் அப்படியே இருக்கும். தினமும் ஒரு கையால் பாக்டீரியா ஊற்றி மறு கையால் விஷம் ஊற்றியிருக்கிறேன். பாட்டில்காரர்மேல் பழி போட முடியாது.

மருந்து மலிவு. மீன் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு. கழுநீர் சேரும் வாளியிலேயே முதலில் நாலு சொட்டு விட்டுவிடுவது என்று பிப்ரவரி 26-லிருந்து வழக்கமாக்கினோம். அது குளோராமைனை உடைக்கும்போது கொஞ்சம் அமோனியா மிஞ்சும், கவலையில்லை, அதுவும் பாக்டீரியாவுக்குத் தீனி. ஒரு வாரத்தில் நைட்ரைட் சோதனைக் குழாய் முதல்முறையாக ஊதா நிறம் காட்டியது. அண்ணன் மகள் அதைப் படம் எடுத்து, ஸ்கேன் படம் அனுப்புவது போலக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். அண்ணி இதயக் குறி அனுப்பினார்.

மார்ச் நடுவில் அமோனியா கிட்டத்தட்டப் பூஜ்யம். ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். 19-ஆம் தேதி பார்த்தால் திரும்ப 2. மறுநாள் 3. தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் (7-க்குக் கீழே போகப் போக அமிலம்) சோதனைக் குழாய் வெறும் மஞ்சள், அதாவது 6 அல்லது அதற்கும் கீழே.

இது கணக்கு போட்டால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அமோனியாவைத் தின்னும் வேலையில் அமிலம் உண்டாகும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்குத் தண்ணீரின் காரத்தன்மையில் ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்து போகும். எங்கள் வீட்டுக் குழாய்நீரைக் கேஎச் என்ற காரத்தன்மைச் சோதனைச் சொட்டால் அளந்தேன், இரண்டாவது சொட்டிலேயே நிறம் மாறியது. ஒரு சொட்டு சுமார் 18 மில்லிகிராம், ஆக மொத்தம் லிட்டருக்கு 36. ஐந்து மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வந்தாலே அத்தனையும் காலி. மீன் கழுவிய தண்ணீர் தாராளமாக அவ்வளவு கொடுக்கும். அதன்பின் பிஎச் சரிகிறது, 6-ஐ நெருங்கும்போது பாக்டீரியா சாகாது, ஆனால் வேலை நிறுத்தம். என்ன ஊற்றினாலும் அப்படியே கிடக்கும்.

கால் தேக்கரண்டி சமையல் சோடா, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை. நிரந்தரத்துக்கு, மூன்றாம் பானையில் எரிமலைக் கல்லோடு ஒரு வலைப்பை நிறைய உடைத்த பவளக் கல். தண்ணீர் புளிக்கப் புளிக்க அது தானாகக் கொஞ்சம் கரைந்து ஈடுகட்டும். மார்ச் 28: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40. பிஎச் 7.2. வெட்டிவேர்த் தொட்டிக்கு அப்புறம் நைட்ரேட் 20. தெளிவைப் பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. கண்ணாடிக் குவளையில் ஒரு சாண் உயரம் ஊற்றி, அடியில் தமிழ் முரசு நாளிதழைப் பிடிப்போம். முதல் பானைத் தண்ணீரில் தலைப்பே தெரியாது. கடைசித் தண்ணீரில் மரண அறிவித்தல் வரை படிக்கலாம்.

படிக்கலாம், குடிக்கக் கூடாது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா நோய்க்கிருமியைத் தின்பதில்லை. இதை அவள் பானைமேல் பெரிதாக எழுதி ஒட்டினாள்.

இந்த நேரத்தில் எனக்குள் இருந்த டெக்னிஷியன் சும்மா இருக்கவில்லை. "பாப்பா, இதையேதான் சாங்கி நீர் சுத்திகரிப்பு ஆலை செய்யுது. 2009-ல் திறந்தப்பவே நாளைக்கு எட்டு லட்சம் கன மீட்டர். நம்ம பானை நாளைக்கு ரெண்டு லிட்டர். வீட்டுக்கு வீடு பானை வைக்கிறது வீண் செலவு" என்றேன். நம் ஊர்க் கழிவுநீர் முப்பது டிகிரி சூட்டில் இருப்பதால், குளிர்நாட்டு ஆலைகளில் சிரமப்பட்டு வளர்க்கும், அமோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கும் அனாமாக்ஸ் என்ற பாக்டீரியாகூட சாங்கித் தொட்டிகளில் தானாக வளர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு அங்கே விஷயம் நடக்கிறது. அவள் மறுக்கவில்லை. "ஆலையில இருக்கிற பாக்டீரியாவுக்கு நீங்க லீவுல போறப்ப யார் சாப்பாடு வைக்கிறாங்கன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா சித்தப்பா?" என்றாள். இல்லை. "அதான்" என்றாள்.

கண்காட்சிக்கு அவள் செய்த மற்றப் பொருள்களைப் பார்த்தபோதுதான் அந்த 'அதான்' விளங்கியது. ஒரு விடுப்புப் படிவம்: டிசம்பரில் குடும்பம் ஊருக்குப் போகும்போது பானைக்குக் கழுநீர் ஊற்ற யார் பொறுப்பு, அண்டை வீட்டுக் கையெழுத்து. ஒரு உறை அட்டை: எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியில் உறை போனது. ஒரு சீர்வரிசைத் தட்டு: மஞ்சள், குங்குமம், வெற்றிலை, நடுவில் ஒரு பாட்டில் கறுப்புத் தண்ணீர். அந்தத் தட்டைப் பார்த்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, "மூடியைத் தளர்த்தி வை, மூச்சு முட்டிப் போகும்" என்றார். உறை மோரை அப்படித்தான் வைப்பாராம்.

அதே அம்மாதான் ஏப்ரல் 13-ஆம் தேதி அதைச் செய்தார்.

மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. வீடு முழுக்கக் கழுவல், துடைப்பு. நான் வேலைக்குப் போயிருந்தேன். பின்கட்டைக் கழுவும்போது இரண்டாம், மூன்றாம் பானைகளைத் திறந்து பார்த்திருக்கிறார். பழுப்பு நிறத்தில் வழவழவென்று பாசி படிந்த பிளாஸ்டிக் சக்கரங்கள், கல்லெல்லாம் சளி மாதிரி. வருஷப் பிறப்பும் அதுவுமா இப்படியா என்று எல்லாவற்றையும் அள்ளி, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, குழாயடியில் தேய்த்து அலசி, துணி காயும் கம்புக்குப் பக்கத்தில் வெயிலில் பரப்பிவிட்டார். நான் மாலையில் வந்தபோது கல் ஒவ்வொன்றும் புதிது போலப் பளபளத்தது. சோப்பு, குளோராமைன், வெயில். மூன்றில் ஒன்றே போதும்.

அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. எழுபத்தெட்டு வயதில் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்திருக்கிறார். அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கண்காட்சிக்கு இருபத்தஞ்சு நாள் இருக்கு. முதல் தடவை நமக்கு அம்பத்து நாலு நாள் ஆச்சு" என்றாள்.

தூங்காமல் படுத்திருந்தபோது 1914 நினைவுக்கு வந்தது. வேலையிடப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதிப் பார்த்தார்கள். முதல் தடவை அமோனியா முழுக்க மாற ஐந்து வாரம் பிடித்தது. எல்லாரும் செய்வது போல அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல், அதன்மேலேயே அடுத்த கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு நாளுக்குள் முடிந்தது. உலகத்துக் கழிவுநீர் ஆலைகளில் ஏராளமானவை இன்றும் அந்தச் சேற்றை வைத்துத்தான் ஓடுகின்றன. அவர்களை வழிநடத்திய ஃபவுலர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிலையத்துக்கே பேராசிரியராக வந்தார். அந்தச் சேறு என்பது உறைதானே. எங்களுக்கு வேண்டியது ஐம்பத்து நாலு நாள் இல்லை, ஒரு கரண்டி உறை.

நாலாம் மாடியில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார், வரவேற்பறையை அடைத்துக்கொண்டு ஆறடி மீன்தொட்டி வைத்திருப்பவர். புத்தாண்டுக்கு மறுநாள் ஒரு டப்பா முறுக்கும் காலி வாளியுமாகப் போய் நின்றேன். வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த தண்ணீர் வேண்டும் என்றேன். "அழுக்குத் தண்ணியா? ஃபார் வாட் லா?" என்றார். 2061, பானை, சீர்வரிசை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் மலாயிலும் சொன்னேன். புரிந்ததா தெரியாது. ஆனால் அம்மா தேய்த்துக் கழுவியதைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் மனைவியும் ஒருமுறை அப்படிச் செய்து ஏழு மீன் போயிற்றாம். பஞ்சைப் பிழிந்து அரை வாளி காபிக் கறுப்புத் தண்ணீரும், வடிகட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி பீங்கான் வளையங்களும் கொடுத்தார்.

கல்லையும் சக்கரங்களையும் சோப்புப் போக மூன்று தடவை ஆன்டி-குளோரின் விட்ட நீரில் அலசி, உறையை ஊற்றி, காற்றுக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். முதல் மூன்று நாள் அரை லிட்டர் கழுநீர்தான், பத்தியச் சாப்பாடு போல. ஐந்தாம் நாள் அமோனியா இறங்கத் தொடங்கியது. ஏப்ரல் 26-ல், பதினோராம் நாள், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். உறை அட்டையில் அவள் முதல் உண்மையான பதிவை எழுதினாள்: நாலாம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடிக்கு. மற்ற பதிவுகள் எல்லாம் கற்பனை. ஆசிரியர் அந்த ஒன்றைத்தான் கேட்டுக் கேட்டுப் படித்தாராம்.

கண்காட்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேனில் கொண்டுபோகும்போது கற்களை ஈரத் துணியில் சுற்றி மூடாத டப்பாவில் வைத்தோம். முதல் இரவே அரங்கில் மின்சாரத்தை மொத்தமாக அணைத்துவிட்டார்கள், ஏர் பம்ப் நின்று, காலையில் இரண்டாம் பானையில் அழுகிய முட்டை வாடை. தூண்டில்காரர்கள் உயிர் இறால் வைக்கப் பயன்படுத்தும் பேட்டரி பம்ப் ஒன்றை ஓடிப்போய் வாங்கி வைத்தேன். மாலைக்குள் வாடை போய்விட்டது. பார்வையாளர்கள் பெரும்பாலும் கேட்டது ஒரே கேள்வி: நாறாதா? அதற்கடுத்து நின்று பேசியவர்கள் விடுப்புப் படிவத்தைத்தான் பேசினார்கள். அண்டை வீட்டார் யாரிடம் சாவி கொடுப்பது என்று ஒரு கணவன் மனைவி அங்கேயே வாக்குவாதம் செய்தார்கள்.

இப்போது பானை மறுபடி எங்கள் பின்கட்டில் இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் அந்தத் தண்ணீர்தான். அம்மா அதைத் தொடுவதில்லை. ஆனால் கழுநீர் வாளியில் சொட்டு மருந்து விடுவது அவர்தான், நாலு சொட்டு எண்ணி. போன மாதம் நாலாம் மாடி அங்கிள் ஒரு பாட்டிலோடு வந்தார். அவர் தொட்டியில் மருந்து போட்டதில் வடிகட்டி செத்துவிட்டதாம். இரண்டாம் பானையிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் தளர்த்தச் சொல்லி அம்மா உள்ளேயிருந்து தமிழில் சத்தம் போட்டார், அவரும் தளர்த்திக்கொண்டார்.

வெட்டிவேர்த் தொட்டியில் ஒரு பிரச்சினை கிளம்பியிருக்கிறது. வேர் வெளியேறும் குழாய்க்குள் புகுந்து பாதியை அடைத்துவிட்டது, தண்ணீர் இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்து வேரை வெட்டி, குழாய் வாயில் சல்லடை ஒன்று பொருத்த வேண்டும். வெட்டிய வேரைக் காயவைத்துத் தரச் சொல்லி அம்மா முன்பதிவு செய்திருக்கிறார்.